‘ஊசி மட்டும் வேண்டாம் டாக்டர்’: இன்சுலின் என்றாலே ஏன் இத்தனை பயம்? உண்மையில் நடப்பது என்ன?

“மாத்திரையில கொஞ்சம் பவர் கூட்டிக் கொடுங்க டாக்டர். வாக்கிங் போறேன், சோத்தைக் குறைச்சுக்கிறேன். ஊசி மட்டும் இப்போ வேண்டாம்.”

தமிழ்நாட்டில் எந்த ஊர் சர்க்கரை நோய் கிளினிக்கில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். டாக்டரும் சரி என்று இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதுவார். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால் அதே கதை. “தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும், பொண்ணு கல்யாணம் முடியட்டும்” என்று தள்ளிப்போய், இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். அந்த வருடங்களில் சர்க்கரை மட்டும் சும்மா இருக்காது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் கால் நரம்பிலும் வேலையைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.4 சதவீதம் பேர், பக்கத்திலுள்ள புதுச்சேரியில் 26.3 சதவீதம் பேர். அதாவது சுகர் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் இன்சுலின் என்ற பேச்சு வந்ததும், வீட்டில் யாரோ ஒருவருக்குக் கடைசிக் கட்டம் வந்துவிட்டது போல முகம் வாடிப்போகிறது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு தவறான புரிதல்? பாட்டில், பேனா, மூச்சில் இழுக்கும் பவுடர் என இத்தனை வகை இருக்கிறதே, எது யாருக்கு? விரிவாகப் பார்க்கலாம்.

உடம்பிலேயே சுரக்கிறதே, வெளியிலிருந்து ஏன்?

இன்சுலின் ஒன்றும் வெளியூர்ச் சரக்கு கிடையாது. வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்ற உறுப்பு தினமும் சுரக்கும் ஹார்மோன்தான் அது. சாப்பிட்ட சாப்பாடு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை ரத்தத்திலிருந்து தசைக்குள்ளும் கொழுப்புத் திசுவுக்குள்ளும் போக இன்சுலின் வேண்டும்.

டைப் 1 சர்க்கரை நோயில் இந்தச் சுரப்பு கிட்டத்தட்ட நின்றே போகிறது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே வருவது இது. இவர்களுக்கு இன்சுலின் ஒரு ‘ஆப்ஷன்’ கிடையாது. அது இல்லாமல் உயிர் வாழவே முடியாது.

நம்மில் பெரும்பாலானோருக்கு இருப்பது டைப் 2. இதில் கணையம் ஒரே நாளில் கைவிடாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ் என்ற புகழ்பெற்ற நீண்டகால ஆய்வு ஒரு விஷயத்தைக் காட்டியது. சுகர் இருக்கிறது என்று தெரியவரும் நாளிலேயே, இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கிறது. அதன் பிறகும் வருடா வருடம் குறைகிறது. மாத்திரைகளில் பல, இருக்கிற இன்சுலினை நன்றாக வேலை செய்ய வைப்பவை; சில, கணையத்தை இன்னும் கொஞ்சம் சுரக்கச் சொல்லித் தூண்டுபவை. சுரக்கவே சரக்கு இல்லாதபோது தூண்டி என்ன பயன்? அந்த இடத்தில்தான் இன்சுலின் வருகிறது.

“நான் வாயைக் கட்டலை, அதனாலதான் ஊசிக்கு வந்துட்டேன்” என்று பலர் தங்களையே திட்டிக்கொள்வது இதனால்தான் முழு உண்மை ஆகாது. கட்டுப்பாடாக இருந்தவர்களுக்கும் 10, 15 வருடத்தில் இன்சுலின் தேவைப்படலாம். அது நோயின் போக்கு. தண்டனை கிடையாது.

“ஊசி போட்டதும் கிட்னி போச்சு”

இன்சுலின் பற்றிய பயத்துக்கு வேர் எது என்று கேட்டால், அது இந்த ஒரு வரிதான்.

“எங்க பெரியப்பா நல்லாத்தான் இருந்தார். ஊசி ஆரம்பிச்சாங்க. ஆறே மாசத்துல கிட்னி ஃபெயிலியர்.” “எங்க அத்தைக்கு இன்சுலின் போட ஆரம்பிச்ச பிறகுதான் காலை எடுத்தாங்க.” ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் எது முதலில் வந்தது என்பதில்தான் சிக்கல்.

சிறுநீரகம் பழுதாக ஆரம்பித்தால், பல சர்க்கரை மாத்திரைகளைத் தொடர முடியாது. மிகப் பரவலாகத் தரப்படும் மெட்ஃபார்மினையே, சிறுநீரகம் வடிகட்டும் அளவு 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். அப்போது டாக்டர் கையில் இருக்கும் பாதுகாப்பான மருந்துகளில் முக்கியமானது இன்சுலின். அதாவது, கிட்னி போகத் தொடங்கியதால் இன்சுலின் வந்தது. பார்ப்பவர்களுக்கு இன்சுலின் வந்ததால் கிட்னி போனதாகத் தெரிகிறது.

காலில் ஆறாத புண் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர்களுக்கும் அதே கதைதான். புண் ஆற வேண்டும், கிருமி அடங்க வேண்டும் என்றால் சர்க்கரையை வேகமாகக் குறைக்க வேண்டும். அதற்காக இன்சுலின் போடுகிறார்கள். புண் ஏற்கெனவே முற்றியிருந்தால் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வருகிறது. பழி ஊசி மேல் விழுகிறது. தீ பிடித்த வீட்டுக்கு முன்னால் தீயணைப்பு வண்டி நிற்பதைப் பார்த்து, வண்டி வந்ததால்தான் வீடு எரிந்தது என்று சொல்வது மாதிரி.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. பயத்தால் ஐந்து வருடம் தள்ளிப்போட்டவருக்குக் கடைசியில் இன்சுலின் தொடங்கும்போது, உறுப்புகள் ஏற்கெனவே கெட்டிருக்கும். அடுத்த சில மாதங்களில் அவருக்கு ஏதாவது ஆகும். அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்து இன்னும் பயப்படுவார்கள். அவர்களும் தள்ளிப்போடுவார்கள். பயமே தனக்கான சாட்சியை உருவாக்கிக்கொண்டே போகிறது.

சிறுநீரகம் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை. உடம்பிலிருந்து இன்சுலினை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது பழுதானால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். அதனால், வருடக்கணக்கில் 40 யூனிட் போட்டவருக்கு எந்தக் காரணமும் இல்லாமல் 25 யூனிட்டே போதும் என்று ஆகலாம். “சுகர் குணமாகுது” என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அந்த நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது கிரியேட்டினின் பரிசோதனை.

பயம் ஊசி மேலா, பெயர் மேலா?

ஒரு காலத்தில் ஊசி மீதான பயத்துக்கு நல்ல காரணம் இருந்தது. கண்ணாடி சிரிஞ்ச், தடிமனான ஊசி. அதைத் தினமும் கொதிநீரில் போட்டு எடுத்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். தாத்தா பாட்டிக்கு அப்படிப் போட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் இன்று 60 வயதில் இருக்கிறார்கள். இன்றைய பேனா ஊசிகளில் 4 மில்லிமீட்டர் நீளமே உள்ளவை கிடைக்கின்றன. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பில் இறங்கினால் போதும், தசை வரை போகவே வேண்டாம். விரல் நுனியில் குத்தி சுகர் பார்ப்பதுதான் இதைவிட வலிக்கிறது என்று சொல்பவர்களே அதிகம்.

அப்படியென்றால் வலி காரணம் இல்லையா? ஒரு விஷயத்தைக் கவனித்தால் புரியும். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற மருந்து இந்தியாவில் அறிமுகமானது. சர்க்கரையையும் குறைக்கும், உடல் எடையையும் குறைக்கும். வாரம் ஒருமுறை ஊசியாகத்தான் போட வேண்டும். விலையும் சாதாரணமில்லை. அந்த ஊசியை “எனக்கு எழுதித் தருவீங்களா” என்று தேடிப்போய்க் கேட்கிறார்கள். ஆக, தோலில் குத்துவது பிரச்னை இல்லை. ‘இன்சுலின்’ என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் அர்த்தம்தான் பிரச்னை.

(சொல்லப்போனால், இன்சுலின் இல்லாத இந்த வகை ஊசிகளை டைப் 2 நோயாளிகளில் பலருக்கு இன்சுலினுக்கு முன்பாகவே யோசிக்கலாம் என்று இப்போதைய சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆனால் சர்க்கரை மிக அதிகமாகி, எடை தானாகக் குறைந்துகொண்டே வருபவருக்கு இன்சுலின்தான் முதலில். ஒன்றுக்கு மற்றொன்று எப்போதும் மாற்று ஆகாது.)

மானப் பிரச்னையும் சேர்ந்துகொள்கிறது. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முன்னால் எங்கே போய் ஊசி போடுவது? ஆபீஸில் யாராவது பார்த்தால்? டைப் 1 உள்ள பெண் என்றால் வரன் பேசும்போது சொல்வதா, மறைப்பதா? மாத்திரையை யாருக்கும் தெரியாமல் விழுங்கிவிடலாம். ஊசி அப்படியில்லை, நோயை வெளியில் காட்டிக்கொடுத்துவிடும். டாக்டரிடம் “வலிக்குமே” என்று சொல்பவர்களில் எத்தனையோ பேருக்கு மனதில் ஓடுவது இதுதான்.

இன்சுலின் எதிலிருந்து எடுக்கிறார்கள் என்ற சந்தேகமும் சில வீடுகளில் உண்டு. முன்பு மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். 1982-ல் மனித இன்சுலினையே பாக்டீரியா மூலம் ஆய்வகத்தில் தயாரிக்கும் முறைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று மருந்துக் கடைகளில் வழக்கமாக விற்பவை பாக்டீரியா அல்லது ஈஸ்ட் கொண்டு தயாரிக்கப்படுபவை. சைவம், ஹலால் என்று கவலைப்படுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பாரம் குறையும்.

டாக்டர்களும் தள்ளிப்போடுகிறார்களா?

ஆமாம். 2001-ல் இந்தியா உட்பட 13 நாடுகளில் ‘டான்’ என்ற பெயரில் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகளிடம் மட்டுமின்றி மருத்துவர்கள், செவிலியர்களிடமும் கேள்வி கேட்டார்கள். வேறு வழியே இல்லை என்ற நிலை வரும் வரை இன்சுலினைத் தள்ளிப்போடுவதாக, பொது மருத்துவர்களிலும் செவிலியர்களிலும் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள்.

காரணம் புரியாதது இல்லை. ஓபி-யில் வெளியே 60 பேர் நிற்கிறார்கள். மாத்திரை எழுத அரை நிமிடம். இன்சுலின் தொடங்க வேண்டுமென்றால் எப்படிப் போடுவது, எங்கே போடுவது, சுகர் இறங்கினால் என்ன செய்வது என்று 20 நிமிடம் உட்கார்ந்து சொல்ல வேண்டும். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத இடங்களில் மாத்திரையே வசதி.

அதைவிட மோசம், இன்சுலினைப் பூச்சாண்டியாகக் காட்டுவது. “இப்படியே சாப்பிட்டீங்கன்னா அடுத்த தடவை ஊசிதான்” என்று மிரட்டுவது நம் ஊரில் சர்வசாதாரணம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஐந்து வருடம் பூச்சாண்டி காட்டிவிட்டு, ஆறாவது வருடம் “இது நல்ல மருந்து, போட்டுக்கோங்க” என்றால் யார் நம்புவார்கள்?

ஒருமுறை தொடங்கினால் நிறுத்தவே முடியாதா?

டைப் 1 என்றால், ஆமாம், வாழ்நாள் முழுக்க வேண்டும். டைப் 2-ல் அப்படி ஒரு விதி கிடையாது.

ஆபரேஷன், கடுமையான காய்ச்சல், நிமோனியா போன்ற சமயங்களில் இன்சுலின் போட்டுவிட்டு, தேறியதும் மாத்திரைக்கே திரும்புபவர்கள் நிறைய. கர்ப்ப காலத்தில் வரும் சர்க்கரை இன்னும் தெளிவான உதாரணம். எல்லா கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதை வலியுறுத்தி, அதற்கு எளிய முறையையும் பரப்பியவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி.சேஷய்யா. 2022-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 தான் கர்ப்ப கால சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. உணவுக் கட்டுப்பாட்டில் அடங்காத கர்ப்பிணிகளுக்கு இன்சுலின் தருகிறார்கள். பிரசவம் முடிந்ததும் பெரும்பாலானோருக்கு ஊசி நின்றுவிடுகிறது. “ஒருமுறை போட்டா பழகிடும்” என்பது உண்மையானால், நம் தெருவிலேயே எத்தனை இளம் தாய்மார்கள் இன்னும் ஊசி போட்டுக்கொண்டிருக்க வேண்டும்!

2008-ல் லான்செட் இதழில் வெளியான சீன ஆய்வு ஒன்று இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. புதிதாக சுகர் கண்டறியப்பட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு மாத்திரை, இன்னொரு பிரிவினருக்கு தினமும் பல வேளை இன்சுலின், மூன்றாவது பிரிவினருக்கு பம்ப் மூலம் இன்சுலின். சர்க்கரை இயல்புக்கு வந்த பிறகு சில வாரங்களிலேயே எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, மருந்தே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் மாத்திரைப் பிரிவில் சுமார் 27 சதவீதம். ஊசிப் பிரிவில் 45, பம்ப் பிரிவில் 51 சதவீதம். களைத்துப்போன கணையத்துக்கு ஆரம்பத்திலேயே ஓய்வு கிடைத்தால் கொஞ்சம் தேறுகிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். எல்லோருக்கும் உடனே ஊசி என்று இதற்கு அர்த்தமில்லை. ‘கடைசிக் கட்ட மருந்து’ என்ற பெயர் எவ்வளவு தவறு என்பதற்கு இது ஒரு சான்று.

பாட்டிலா, பேனாவா?

பெரும்பாலானோர் முதலில் சந்திக்கும் கேள்வி இது. அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைப்பது பொதுவாக பாட்டில், அதாவது வயல். தனியாரில் பேனாவைப் பரிந்துரைப்பது அதிகம். பேனாவில் டயலைத் திருப்பினால் யூனிட் எண் தெரியும், ‘கிளிக்’ சத்தம் கேட்கும். கண் மங்கியவர்களுக்கும், கை நடுங்குபவர்களுக்கும், பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் பேனா வசதி. விலை கூடுதல். வயல் மலிவு. ஆனால் சிரிஞ்சில் அளவு எடுக்கப் பழக வேண்டும்.

மருந்தின் வேலையில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. ஒரே இன்சுலின்தான் இரண்டிலும் வருகிறது. “பாட்டில் மருந்து மட்டமானது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அது பலருக்குத் தெரியவே தெரியாது.

இந்தியாவில் விற்கும் மனித இன்சுலின் வயல்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்டவை. பேனாவுக்கான கார்ட்ரிட்ஜ்களில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சில வயல்களும் 100 யூனிட் அளவில் வருகின்றன. இதற்கு ஏற்ப சிரிஞ்சும் இரண்டு வகை. சிவப்பு மூடி போட்டது 40-க்கு. ஆரஞ்சு மூடி போட்டது 100-க்கு.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? 40 யூனிட் வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் ‘20’ என்ற கோடு வரை எடுத்தால், உடம்புக்குள் போவது வெறும் 8 யூனிட். சுகர் குறையவே குறையாது, “இந்த மருந்து எனக்கு ஒத்துக்கலை” என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். தலைகீழாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே ‘20’ வரை எடுத்தால் போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. இரவில் தூங்கப் போகும் முன் இப்படி ஒரு தவறு நடந்தால் உயிருக்கே ஆபத்து. பேனா கார்ட்ரிட்ஜில் மிச்சம் இருக்கிறதே என்று சிரிஞ்ச் விட்டு உறிஞ்சி எடுக்கவே கூடாது என்று சொல்வது இதனால்தான்.

மருந்துக் கடையில் “ஒரு இன்சுலின் சிரிஞ்ச் கொடுங்க” என்று மட்டும் கேட்காமல், பாட்டிலைக் காட்டி “இதுக்கு உள்ளது கொடுங்க” என்று கேட்டாலே பாதிப் பிரச்னை தீர்ந்தது.

விலை அதிகமென்றால் வேலையும் அதிகமா?

கடையில் கிடைக்கும் இன்சுலின்களை மோட்டாவாக இரண்டாகப் பிரிக்கலாம். பழைய வகை ‘மனித இன்சுலின்’. அதன் மூலக்கூறைச் சற்று மாற்றி, வேகமாகவோ நிதானமாகவோ வேலை செய்ய வைத்த புதிய வகை ‘அனலாக்’.

மனித இன்சுலினில் நம் ஊரில் அதிகம் எழுதுவது 30/70 கலவை. 30 பங்கு வேகமாக வேலை செய்வது, 70 பங்கு நிதானமாக. சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். கலங்கலாக இருக்கும், உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டிய பிறகே எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் போடுவதால் ஒருநாள் சுகர் 90, மறுநாள் 280 என்று ஆட்டம் காட்டும்.

அனலாக் வகையில் வேகமானதைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் போடலாம். கிளார்ஜின் போன்ற நீண்ட நேர வகையை நாளுக்கு ஒருமுறை போட்டால் போதும். நள்ளிரவில் சுகர் இறங்கும் தொல்லை இதில் குறைவு. டைப் 1 பிள்ளைகளுக்கும், அடிக்கடி சுகர் இறங்குபவர்களுக்கும் இது பெரிய உதவி.

ஆனால் டைப் 2 உள்ள எல்லோருக்கும் கூடுதல் விலை கொடுக்கும் அளவுக்கு அதில் லாபம் இருக்கிறதா? அமெரிக்காவில் 25,000-க்கும் மேற்பட்ட டைப் 2 நோயாளிகளை வைத்து 2018-ல் வெளியான ஆய்வில், சுகர் இறங்கி ஆஸ்பத்திரிக்கு வருவது அனலாக் போட்டவர்களிடம் குறைவாக இல்லை. ஆகவே, மாதாமாதம் வாங்க முடியாத விலையில் ஒரு நல்ல இன்சுலினைத் தொடங்கி, காசில்லாத மாதத்தில் பாதி டோஸ் போடுவதைவிட, அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும் மனித இன்சுலினை ஒழுங்காகப் போடுவது எவ்வளவோ மேல். கிளார்ஜினும் 2022 முதல் இந்தியாவின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

ஒரு பழைய கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1922 ஜனவரியில் கனடாவின் டொரோண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயது சிறுவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். அதுவரை டைப் 1 என்றால் பட்டினி வைத்தியம், பிறகு மரணம். அந்தப் பையன் பிழைத்து, மேலும் 13 வருடம் வாழ்ந்தான். கண்டுபிடித்த குழுவினர் காப்புரிமையை டொரோண்டோ பல்கலைக்கழகத்துக்கு விற்றது எவ்வளவுக்குத் தெரியுமா? தலா ஒரு டாலர். நூறு வருடம் கழித்து அதே மருந்தின் விலையைப் பார்த்து மாதக் கடைசியில் குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன.

ஊசியே இல்லாத இன்சுலின் வந்துவிட்டதா?

மூச்சில் இழுக்கும் இன்சுலின் பவுடரான அஃப்ரெஸாவுக்கு 2024 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி கிடைத்தது. சாப்பாட்டு நேரத்து இன்சுலினுக்கு மட்டும்தான் இது மாற்று. டைப் 1 உள்ளவர்கள் நீண்ட நேர இன்சுலினை ஊசியாகப் போட்டே ஆக வேண்டும். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தால் கூடாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் கூடாது. வாரம் ஒருமுறை மட்டும் போடும் ஐகோடெக் என்ற இன்சுலினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் அனுமதி அளித்தது.

மாத்திரை வடிவம்? இன்சுலின் ஒரு புரதம். வாய் வழியாகப் போனால், சாப்பிட்ட பருப்பு செரிப்பதுபோல் அதுவும் வயிற்றில் செரித்துவிடும். ‘இன்சுலின் செடி’ என்று தொட்டியில் வளர்த்து தினமும் இலையை மெல்பவர்களுக்கும் இதுதான் பதில். பெயரில் இன்சுலின் இருப்பதால் அந்த இலை ஊசிக்கு மாற்றாகிவிடாது. மெல்வது அவரவர் விருப்பம். ஆனால் இலையை நம்பி ஊசியை நிறுத்துவது, குறிப்பாக டைப் 1 குழந்தைகளுக்கு நிறுத்துவது, சில நாட்களிலேயே ‘கீட்டோஅசிடோசிஸ்’ என்ற நிலையில் கொண்டுபோய் ஐசியுவில் விடும்.

பயப்பட எதுவுமே இல்லையா?

இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவதால்தான் நம்பிக்கை போகிறது.

முதலாவது, சுகர் இறங்குவது. இன்சுலினைப் போட்டுவிட்டு சாப்பாடு தாமதமானால், அல்லது வழக்கத்தைவிட அதிகமாக உழைத்தால், சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், பேச்சில் குழறல். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சுகர் பார்க்க வேண்டும். சாக்லேட் வேகமாக வேலை செய்யாது. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகளாலும் சுகர் இறங்கும். “மாத்திரைன்னா சேஃப்” என்பதும் முழு உண்மை இல்லை.

இரண்டாவது, எடை கூடலாம். அதுவரை சிறுநீரில் வீணாகிக்கொண்டிருந்த சர்க்கரை உடம்பில் தங்குவதால் வருவது இது. மூன்றாவது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அந்த இடம் மெத்தென்று வீங்கி, மருந்து சரியாக உறிஞ்சப்படாது. அங்கே வலி தெரியாது என்பதால் பலர் அதே இடத்தில்தான் போடுவார்கள்! தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு, தினமும் இடத்தை மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

அப்புறம் நம் ஊர் வெயில். திறக்காத இன்சுலினை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். பயன்பாட்டில் இருப்பதை வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் சுமார் நான்கு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரமணல் அல்லது தண்ணீர் உள்ள மண்பானைக்குள், மருந்து நனையாதபடி டப்பாவில் வைப்பது பழைய வழி. அது பலன் தருகிறது. பைக் டேங்க் கவரிலும், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைத்த மருந்தை நம்ப வேண்டாம்.

டாக்டர் ‘இன்சுலின்’ என்று சொன்னால் என்ன கேட்கலாம்?

“வேண்டாம்” என்று சொல்வதற்கு முன்னால் சில கேள்விகளைக் கேட்டுவிடலாம். எனக்கு இது கொஞ்ச நாளைக்கா, தொடர்ந்தா? இன்சுலின் இல்லாத வேறு ஊசி எனக்குப் பொருந்துமா? நான் நைட் ஷிஃப்ட் போகிறேன், சாப்பாட்டு நேரம் மாறும், அதற்கு எந்த வகை சரிப்படும்? மாதம் எவ்வளவு செலவாகும், இதே மருந்து அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்குமா? கிளினிக்கிலேயே ஒருமுறை நர்ஸ் முன்னால் நானே போட்டுப் பார்க்கலாமா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். கேட்கத் தயங்குவதும் அதைத்தான். முதல் ஊசியை வீட்டில் தனியாக, யூடியூப் பார்த்துப் போடுபவர்கள் சில நாளிலேயே விட்டுவிட வாய்ப்பு அதிகம். கூடவே வீட்டில் இருந்து ஒருவரை அழைத்துப் போவது நல்லது. சுகர் இறங்கி நாக்கு குழறும்போது சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று அந்த இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.